மைக்கை ஒப்படைத்த பிற்பகல்

பயிற்சிக்கு வந்திருக்கும் உங்களிடம், அந்தக் காலத்தில் எங்களை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள், இப்போது எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று பேசச் சொல்லி என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். பேசுகிறேன். ஆனால் அதை ஒரு ஆளை வைத்துத்தான் எனக்குச் சொல்லத் தெரியும். உங்களைப் போலவே புதிய முறையில் தேர்வாகி, நம் திருவனந்தபுரம் விமான நிலைய டவருக்கு வந்தவன். பெயர் சுபின். அவனிடம் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன். "தாராளமா சொல்லுங்க மேடம். பேரையும் சேர்த்தே சொல்லுங்க" என்றான்.

முதலில் நான் வந்த வழி. நான் இந்த ஊர் ஆரியசாலைக்காரி. அப்பாவுக்கு அங்கே பருப்பு மொத்த வியாபாரம். இயற்பியல் படித்துவிட்டு இந்த வேலைக்கு விண்ணப்பித்தபோது, விமானத்துக்கு வழி சொல்ல ஓர் ஆள் வேண்டும் என்பதே வீட்டில் யாருக்கும் தெரியாது. எழுத்துத் தேர்வு, அதற்குப் பிறகு நேர்முகம். நீளமான மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள், பேச்சைக் கேட்டார்கள், எடுத்துக்கொண்டார்கள். எனக்கு முன்னால் உள்ளே போனவர்களை ஏன் எடுக்கவில்லை என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பிறகு வடக்கே பயிற்சிக் கல்லூரி. அங்கே மேசைமேல் சாக்பீஸால் ஓடுதளம் வரைந்து, மர பொம்மை விமானங்களை நகர்த்திப் பழகினோம். மீதியை டவரில் சீனியர் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்ள வேண்டும். அவருடைய மனநிலை சரியாக இருந்தால் பாடம், இல்லாவிட்டால் வசவு. வசவுக்குப் பயந்து கற்றுக்கொண்டதில் பாதி, வசவு வாங்காமல் இருப்பது எப்படி என்பதுதான்.

இப்போது நேர்முகம் இல்லை. கணினியில் தேர்வு, குரல் தேர்வு, மருத்துவம், மனவியல் தேர்வு. அதன் பிறகு சிமுலேட்டர். கண்ணாடி டவர் மாதிரியே ஓர் அறை. அதில் மழை பெய்யும், எஞ்சின் தீப்பிடிக்கும். முதலில் எனக்கு அது விளையாட்டுச் சாமானாகத்தான் பட்டது. ஒரு நாள் என்னையே உட்காரவைத்து மூடுபனியை இறக்கிவிட்டார்கள். எழுந்தபோது முதுகெல்லாம் வேர்வை. அன்றோடு அதைக் குறை சொல்வதை நிறுத்திவிட்டேன்.

நேர்முகம் போனதால் வந்த நன்மையையும் பார்த்தேன். சுபினின் அப்பா தம்பானூர் பக்கம் ஓர் ஓட்டலில் தோசை மாஸ்டர். நாகர்கோவில் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். சுபின் இங்கேயே மலையாளப் பள்ளியில் படித்து, பொறியியல் முடித்து, கழக்கூட்டத்தில் மென்பொருள் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். அதை விட்டுவிட்டு வந்தவன். பழைய நேர்முகத்தில் "அப்பா என்ன செய்கிறார்?" என்ற கேள்விதான் முதலில் வரும். அந்தக் கேள்விக்குப் பிறகு மேசைக்குப் பின்னால் இருக்கும் முகங்கள் எப்படி மாறும் என்பது எனக்குத் தெரியும்.

சிமுலேட்டரில் அவனை யாராலும் தடுமாறவைக்க முடியவில்லை. மனவியல் தேர்விலும், நெருக்கடியில் நிதானம் இழக்காதவன் என்று வந்திருந்தது. நாங்களும் நம்பினோம். அது பொய்யும் இல்லை.

அவன் விமானிகளோடு பேசும் மைக்கில் தனியாக உட்காரத் தகுதி பெற்றுச் சில மாதங்கள் ஆகியிருந்தன. ஒரு காலை நேரம். பொன்முடிப் பக்கத்து மலை டவரிலிருந்து துல்லியமாகத் தெரிந்தது. அது தெரிந்தால் எங்களுக்குக் கவலையில்லாத நாள் என்று அர்த்தம். வளைகுடாவுக்குப் போகும் விமானம் ஒன்று நிறைய ஆட்களோடும் எரிபொருளோடும் கிளம்பி, கடல் பக்கம் எழும்பியது. நம் ஊர்ப் பருந்துகளைப் பற்றி உங்களுக்கு ஏற்கெனவே சொல்லியிருப்பார்கள். ஓடுதளத்தை விட்டு எழும்பும்போதே ஒன்று எஞ்சினுக்குள் போய்விட்டது. விமானியின் அபாய அழைப்பு வந்தது: மேடே, மேடே. வலது எஞ்சின் நின்றுவிட்டது, திரும்பி வருகிறேன்.

நான் அன்று டவரின் மேற்பார்வையாளர். சுபினுக்குப் பின்னால் நின்றிருந்தேன். இறங்க வந்துகொண்டிருந்த இன்னொரு விமானத்தை அவன் மேலே ஏறச் சொல்லி விலக்கினான். வட்டமடித்துக்கொண்டிருந்த சிறிய பயிற்சி விமானத்தைக் கோவளம் பக்கம் அனுப்பினான். தீயணைப்பு வண்டிகளுக்கு மணி அடித்தான். இதெல்லாம் யாரும் செய்வார்கள். அடுத்து அவன் செய்ததுதான் பெரிது. உடைந்த துண்டுகள் ஓடுதளத்தில் கிடக்குமே என்று, நான் வாயைத் திறப்பதற்குள் ஜீப்பை அனுப்பிவிட்டான். ஜீப்காரர் உலோகத் துண்டுகளைப் பொறுக்கி எடுத்து, ஓடுதளம் சுத்தம் என்று சொன்ன பிறகுதான் இறங்க அனுமதி கொடுத்தான். குரலில் ஓர் ஏற்ற இறக்கம் இல்லை. விமானம் இறங்கி நின்றது. ஒருவருக்கும் கீறல் இல்லை. டவரில் இருந்தவர்கள் கை தட்டினார்கள்.

நான் உடனே அவனை மைக்கிலிருந்து எழுப்பினேன். பெரிய சம்பவம் நடந்தால் அதைக் கையாண்டவரை இறக்கிவிட வேண்டும் என்பது புதிதாக வந்த வழக்கம். அவனுக்கு அது பிடிக்கவில்லை.

"எதுக்கு மேடம்? ஞான் எந்து தெற்று செய்தேன்?" கோபம் வந்தால் அவனுக்கு மலையாளம்தான் வரும்.

"தப்பு ஒண்ணும் இல்ல சுபின். எழுந்திரு."

"எனக்கு ஒந்நும் இல்ல. நான் ஷிஃப்ட முடிச்சிட்டே போறேன்."

"எழுந்திரு."

எழுந்தான். கேன்டீனில் போய் எல்லோரிடமும் நடந்ததைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தான். நன்றாகச் சாப்பிட்டான். ஓய்வு கொடுத்து, விசாரணை முடிந்து, மறுபடியும் மைக்குக்கு வந்தான். அவன் செய்தது எல்லாம் சரி என்று விசாரணை சொன்னது.

மாற்றம் மெதுவாகத்தான் தெரிந்தது. ஒரு விமானத்துக்கும் அடுத்ததற்கும் இடையே அவன் விடும் இடைவெளி கூடிக்கொண்டே வந்தது. "திருவனந்தபுரத்தில் இப்போதெல்லாம் ரொம்பக் காக்கவைக்கிறீர்கள்" என்று ஒரு விமானி ரேடியோவிலேயே முனகினார். அதைவிட எனக்கு உறுத்தியது வேறு. ஒவ்வொரு விமானம் எழும்பும்போதும் சுபின் நாற்காலியை விட்டு எழுந்து நின்றான். அது கடலுக்கு மேலே புள்ளியாகி மறையும்வரை பார்த்துக்கொண்டே இருந்தான். அவ்வளவு நேரமும் இறங்கி வரும் பக்கம் அவன் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

எனக்கு ஏன் அது உறுத்தியது என்று சொல்ல வேண்டும். எனக்குப் பயிற்சி கொடுத்த சீனியர் ஒருவர் இருந்தார். பெயர் வேண்டாம். இந்த டவரில் அவரைப் போலக் காது உள்ளவர் இல்லை. விமானி மூச்சு விடுவதை வைத்தே அடுத்து என்ன கேட்கப்போகிறார் என்று சொல்லிவிடுவார். ஒரு முறை இரண்டு விமானங்கள் மிகவும் நெருங்கி வந்தன. கடைசி நேரத்தில் அவர் பிரித்துவிட்டார். தவறு அவருடையது இல்லை. ஷிஃப்டை முடித்தார். சிங்கம் என்றார்கள். சில மாதம் கழித்து, வந்துபோகும் பயணிகளின் புகார்களைப் பார்க்கும் பிரிவுக்கு மாற்றம் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார். குடும்பச் சூழ்நிலை என்றார். நாங்கள் யாரும் அதற்கு மேல் கேட்கவில்லை. போவதற்கு முந்தைய வாரங்களில் அவர் கையில் எப்போதும் ஒரு துணி இருக்கும். டவரின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருப்பார். சுத்தமாக இருக்கும் கண்ணாடியை.

சுபின் எழுந்து எழுந்து நிற்பதைப் பார்த்தபோது எனக்கு அந்தத் துணி ஞாபகம் வந்தது.

எங்கள் பொறுப்பதிகாரியிடம் போனேன். கொல்லத்துக்காரர், நியாயமான மனிதர். சுபினைக் கொஞ்ச நாள் மைக்கிலிருந்து விலக்கலாம் என்றேன்.

"அவன் என்ன தப்பு செய்தான்? ஒரு தப்பு காட்டுங்க, இப்போதே இறக்குறேன்" என்றார்.

"ஒரு தப்பும் இல்ல சார்."

"பின்னே? ஆள் பற்றாக்குறை உங்களுக்குத் தெரியும். ஒருத்தி பிரசவ லீவு, ஒருத்தன் டிரான்ஸ்ஃபர். நல்லா வேலை செய்ற பையன, எழுந்து நிக்கிறான்னு சொல்லி இறக்கச் சொல்றீங்களா? நாளைக்கு அவன் எதுக்குன்னு கேட்டா நான் என்ன சொல்ல?"

அவர் கேட்டதில் தவறு இல்லை. சந்தேகத்தை வைத்து ஒருவனுடைய தொழிலில் கை வைக்கக் கூடாது. எனக்குத் தெரிந்ததும் சந்தேகம்தான். நான் அவரிடம் கேட்டு வாங்கியது ஒன்றே ஒன்று. சுபின் மைக்கில் இருக்கும் ஷிஃப்டுகளில் எல்லாம் என்னைப் போடுங்கள் என்றேன். அதற்கு ஒப்புக்கொண்டார்.

சுபினிடமும் பேசினேன். ஷிஃப்ட் முடிந்து சங்குமுகம் கடற்கரைப் பக்கம் டீ குடிக்கப் போனபோது கேட்டேன். "தூங்குறியா?"

"தூங்குறேனே."

"நம்ம ஆளுங்க மனசுவிட்டுப் பேசுறதுக்குன்னே வேற ஏர்போர்ட் ஸ்டேஷன்ல ஆள் வெச்சிருக்காங்க. அவங்களும் நம்மள மாதிரி கன்ட்ரோலருங்கதான். சொன்னது வெளிய போகாது. ஒரு தடவ போன் பண்ணிப் பாரேன்."

அவன் டீ கிளாஸைச் சுற்றிக்கொண்டே இருந்தான். "எனக்கு ஒரு கொழப்பமும் இல்ல மேடம். பேசப் போனா மெடிக்கல்னு வரும். மெடிக்கல்னு வந்தா மைக் போகும். அப்பா ஓட்டல்ல வர்றவங்ககிட்டயெல்லாம், எனக்க மோன்தான் அந்தப் பிளேன இறக்கினதுன்னு சொல்லிக்கிட்டிருக்காரு."

அதற்கு மேல் நான் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தியிருக்கலாமோ என்று இப்போதும் யோசிப்பதுண்டு. மனவியல் தேர்வு, ஒருவன் நெருக்கடியில் எப்படி இருப்பான் என்பதை அளந்துவிடுகிறது. நெருக்கடி முடிந்த பிறகு வரும் சாதாரண செவ்வாய்க்கிழமைகளை அவன் எப்படிக் கடப்பான் என்பதை எந்தத் தேர்வு அளக்கும்?

தென்மேற்குப் பருவமழை தொடங்கியது. ஒரு பிற்பகல், கடலிலிருந்து மழை சுவர் மாதிரி வந்தது. இரண்டு விமானங்கள் வானத்தில் வட்டமடித்துக் காத்திருந்தன. ஒன்று இறங்குவதற்கு நேர்கோட்டில் வந்துகொண்டிருந்தது. அதற்கு முன்னால் ஒன்று கிளம்ப வேண்டும். சுபின் அதற்கு அனுமதி கொடுத்தான். இடைவெளி போதுமானது, சரியான முடிவு. விமானம் ஓடி, எழும்பி, மழைக்குள் போய் மறைந்தது.

சுபின் எழுந்து நின்றான். பார்ப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை. வெறும் மழை. அவன் அந்த மழையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இறங்கி வரும் விமானி கூப்பிட்டார். பதில் இல்லை. மறுபடியும் கூப்பிட்டார். நான் ஹெட்செட்டைக் கையில் எடுத்துவிட்டேன்.

சுபின் உட்கார்ந்தான். விமானிக்குப் பதில் சொன்னான், தொடர்ந்து வா என்று. பிறகு என் பக்கம் திரும்பினான்.

"மேடம், எடுத்துக்கோங்க. என்னால ஆகல."

சொல்லிவிட்டு எழுந்து ஓடவில்லை. இதை நீங்கள் கவனிக்க வேண்டும். இறங்கி வரும் விமானம் எங்கே இருக்கிறது, அதற்கு இன்னும் இறங்கும் அனுமதி கொடுக்கவில்லை, ஓடுதளம் காலி, மேலே காத்திருப்பவை எந்த உயரத்தில், அதில் எதற்கு எரிபொருள் குறைவு, காற்று எந்தப் பக்கம் திரும்புகிறது, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னான். சொன்னதில் ஒரு வார்த்தை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. என் பணிக்காலத்தில் நான் வாங்கிய மிக நல்ல ஒப்படைப்பு அதுதான்.

"என் கையில இருக்கு" என்றேன். அதைக் கேட்ட பிறகுதான் நாற்காலியை விட்டு எழுந்தான். நான் விமானத்தை இறக்கினேன். எரிபொருள் குறைவாக இருந்ததை அடுத்து இறக்கினேன். இன்னொன்றைக் கொச்சிக்குத் திருப்பினேன். அவற்றில் இருந்த ஒரு பயணிக்கும் எதுவும் தெரியாது. மழை கொஞ்சம் அதிகம் என்று வீட்டில் போய்ச் சொல்லியிருப்பார்கள்.

திரும்பிப் பார்த்தபோது சுபின் படிக்கட்டின் முதல் படியில் உட்கார்ந்து முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டிருந்தான்.

பொறுப்பதிகாரி ஓடி வந்தார். அந்தக் காலமாக இருந்தால், உடம்பு சரியில்லாமல் இறங்கினான் என்று சொல்லி முடித்திருப்போம். அவர் அப்படிச் செய்யவில்லை. சுபின் பக்கத்தில் அதே படியில் உட்கார்ந்தார். "மோனே, நடந்தத நடந்தபடியே மேலிடத்துல சொல்லணும். அதுதான் நினக்கு நல்லது. நான் கூட இருக்கேன்" என்றார். எங்களில் சிலர் அவரைத் திட்டினார்கள், பையனைக் காட்டிக்கொடுத்துவிட்டார் என்று. நானும் ஒரு நாள் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் மறைத்திருந்தால் சுபினுக்குச் சிகிச்சையும் இல்லை, திரும்பி வரும் வழியும் இல்லை.

மைக் போனது. மருத்துவரிடம் போனான். அந்த வேறு ஸ்டேஷன் ஆளிடமும் கடைசியில் பேசினான். இடைப்பட்ட மாதங்களில் சிமுலேட்டர் அறையில், புதியவர்களுக்கு விமானி குரலில் பேசும் வேலை பார்த்தான். தான் முதலிடம் வாங்கிய அறையில், கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து, மற்றவர்களுக்கு எஞ்சின் தீப்பிடிக்கவைக்கும் வேலை. அது அவனுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நான் கேட்கவில்லை.

ஒரு நாள் அவன் அப்பாவைப் பார்க்க அந்த ஓட்டலுக்குப் போனேன். ஆறுதலாக ஏதாவது சொல்லலாம் என்றுதான் போனேன். அவர் கல்லை விட்டுவிட்டு வெளியே வந்தார். தோளில் துண்டு, முகத்தில் அனல்.

"எனக்க பிள்ளைக்கு வேல போயிருமா மேடம்?"

"போகாது. மைக்குக்குத் திரும்ப வருவானான்னு மட்டும் இப்ப சொல்ல முடியாது."

"நீங்க பக்கத்துலதான நின்னிருக்கீய? மொதல்லயே தெரிஞ்சிருக்கில்லா? அப்பவே அவன பிடிச்சு நிப்பாட்டியிருக்கப்பிடாதா?"

பொறுப்பதிகாரி என்னிடம் கேட்ட கேள்வியை அவரிடம் சொல்ல முடியுமா? உள்ளே யாரோ மசால் தோசைக்குச் சத்தம் கொடுத்தார்கள். "சாப்பிட்டுட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். சாப்பிட்டேன். காசு வாங்க மறுத்துவிட்டார்.

மருத்துவர்கள் சரி என்ற பிறகு, சுபினுக்கு மறுபடியும் தகுதித் தேர்வு. வெளியூரிலிருந்து தேர்வாளர் ஒருவர் வந்தார். பாலக்காட்டுத் தமிழர், என்னைவிடச் சீனியர், ஓய்வு பெறும் தறுவாயில் இருந்தவர். பலரைத் தேறவிடாதவர் என்று பேர். நேர்முகம் இல்லாமல் வந்த பிள்ளைகள்மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை கிடையாது என்பதையும் எல்லோரும் அறிவோம். நானும் தேர்வுக் குழுவில் இருந்தேன்.

விதிகளைப் பற்றிக் கேட்டார். பதில் சொன்னான். பிறகு பேனாவை மூடி வைத்தார்.

"இனியும் அப்படி ஒரு நாள் வந்தா, மறுபடியும் மைக்கைக் கொடுத்துட்டு எழுந்திருப்பியா?"

"கொடுப்பேன் சார்."

"பக்கத்துல யாரும் இல்லேன்னா?"

சுபின் யோசித்தான். அவசரப்படவில்லை. "யாரும் இல்லேன்னா நான்தான் சார் இறக்கணும். இறக்கியிருப்பேன். அன்னைக்கு மேடம் இருந்தாங்க. என்னைவிட அவங்க நல்லா இறக்குவாங்கன்னு தெரிஞ்சுது. அதனால கொடுத்தேன்."

தேர்வாளர் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். தேறினான் என்றும் சொல்லவில்லை, தோற்றான் என்றும் சொல்லவில்லை. "நாளைக்கு நிஜ ட்ராஃபிக்கில் பார்க்கிறேன்" என்றார். மறுநாள் காலையிலிருந்து சுபின் பின்னால் நின்றார். விமானங்கள் எழும்பின. சுபின் ஒவ்வொன்றையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, இறங்கும் பக்கம் திரும்பினான். நாற்காலியை விட்டு எழவில்லை. அடுத்த நாளும் தேர்வாளர் நின்றார். அன்று மாலை அவன் தகுதிச் சான்றில் கையெழுத்துப் போட்டார்.

டவர் லிஃப்ட் அன்று வேலை செய்யவில்லை. அவரும் நானும் படியில் இறங்கினோம். அவருக்கு முழங்கால் வலி. பாதியில் நின்றார்.

"வள்ளி, எனக்கும் ஒரு நாள் அப்படி இருந்தது, கேட்டியா? மெட்ராஸில். இவன் வயசுதான். நாக்கு ஒட்டிண்டுடுத்து. எப்படியோ ஓட்டினேன். யாருக்கும் தெரியாது. வீட்டிலகூடச் சொல்லலை."

அவர் முழங்காலைத் தடவிக்கொண்டார்.

"நம்ம காலத்துலயும் பக்கத்துல ஆள் இருந்தாளே, இல்லையா?"

"இருந்தாங்க சார்."

"பின்னே ஏன் நாம, எடுத்துக்கோங்கோன்னு கேட்கலை?"

கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, பதில் வரும் என்பதுபோல என்னைப் பார்த்தார். எனக்குக் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்த என் சீனியரின் ஞாபகம் வந்தது. இருவரும் மீதிப் படிகளை மெதுவாக இறங்கினோம்.

நீங்கள் எங்களைவிட நன்றாகச் சலித்தெடுக்கப்பட்டு வந்தவர்கள். பொம்மை விமானத்தில் பழகியவர்களைவிட நிறையத் தெரிந்துகொண்டு டவருக்கு ஏறப்போகிறீர்கள். உங்களிடம் எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள் உண்டு. ஏன் கேட்கவில்லை என்ற அந்தக் கேள்வியை, முடி நரைத்த பிறகு, உங்களில் யாரும் படிக்கட்டில் நின்று கேட்கும்படி வைத்துக்கொள்ளாதீர்கள்.